கதிரையை வெளியே எடுக்காதவர்

"கதிரை உள்ளுக்கை இருந்தா அது களைப்பு. வெளியிலை வந்தா அது காம்பிங்" என்பார் அவர்.

ஜேர்மனியில் சாலையோரம் இரவு தங்குவது பற்றிய சட்டத்தை எனக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஓட்டிக் களைத்தவன் தன் வாகனத்துக்குள் ஓர் இரவு உறங்கி எழும்பிப் போகலாம். பொதுவாக யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேசை போட்டு, அடுப்பு மூட்டி, கயிறு கட்டித் துணி காயவிட்டால் கதை வேறு. அதற்குக் காசு கட்டும் இடங்கள் தனியே உண்டு. அவருடைய வெள்ளை வானுக்குள் ஒரு மடக்குக் கதிரை இருந்தது. நான் அறிந்த காலம் முழுவதும் அது மண்ணைத் தொட்டதில்லை. பிறகு எதற்கு அதைச் சுமக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எப்பவாவது சொந்தக் காணி வாங்கினா போட்டு இருக்க" என்றார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லக் கூடாத இடத்தில் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டேன். அது போதும்.

மன்னார்க்காரர். இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில், கிழக்கு ஜேர்மனியின் ஹாலே நகரில் எங்கள் அடுக்குமாடியில், எனக்கு மேல் மாடியில் இருந்தார். பகலில் ஒரு வெதுப்பகத்தில் வேலை. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வானை எடுத்துக்கொண்டு ஹம்பர்க் போவார். அங்கே மொத்த வியாபாரி ஒருவரிடம் அரிசிமா, தேங்காய்ப்பால், கருவாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இங்குள்ள இரண்டு தமிழ்க் கடைகளுக்குப் போடுவார். விடியற்காலையில் களஞ்சியத்தில் நிற்க வேண்டும். ஆகவே வழியில் எங்காவது நாலைந்து மணிநேரம் கண்ணயர வேண்டும்.

அந்த வழியைத் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல என்பது விளங்கும். அந்தக் காலத்தில் ஆட்டோபான் என்ற அதிவேகச் சாலை மக்டபுர்க்கோடு முடிந்துவிடும். அதற்கு வடக்கே ஒற்றைச் சாலை. ஊசியிலைக் காடு, பிறகு வயல், பிறகு இளையவர்கள் எல்லோரும் வேலை தேடி மேற்கே போய்விட்ட ஊர்கள். பூட்டிய கடை, பூட்டிய பாடசாலை. எங்களைப் போன்ற தோல் நிறம் உள்ள ஒருவன் அந்தச் சாலையோரத்தில் தனியே உறங்குவது அப்போது புத்தியான காரியமாகக் கருதப்படவில்லை. தரிப்பிடம் ஒன்றில் அவர் உறங்கியபோது பெடியன்கள் சிலர் கல்லெறிந்து பக்கக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். அதையும் சிரிப்பாகத்தான் சொன்னார். "ஊரிலை கூரைக்கு மேலை தேங்காய் விழுந்திட்டுது எண்டு நினைச்சு எழும்பினன் மாஸ்டர். பாத்தா ஜேர்மனி."

நான் ஊரில் புவியியல் படிப்பித்தவன். இங்கே ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். ஆனாலும் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்ப, அலுவலகங்களில் சந்திக்க டெர்மின் எடுக்க, கடிதம் வாசிக்க என்னிடம் வருவார்கள். அவரும் வருவார். ஆனால் அவர் வந்துபோனது வீட்டில் தெரியாது. தேநீர்க் கோப்பையைத் தானே கழுவித் துடைத்து எடுத்த இடத்தில் வைப்பார். மேசையில் கோப்பை பதித்த வட்டத்தை உள்ளங்கையால் துடைப்பார். எழும்பும்போது சோபாவைத் தட்டி, தான் இருந்த பள்ளத்தை நிமிர்த்திவிட்டுப் போவார். தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர். "சீனிப் போத்தலைப் பாத்துத்தான் இந்த மனுசன் வந்து போனது தெரியுது" என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தெரியும். அகதி விண்ணப்பம் போட்ட புதிதில் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக எங்களுக்கு அனுமதி இல்லை. அவருடைய தங்கை கார்ல்ஸ்ரூஹேயில் பிள்ளை பெற்றிருந்தாள். இரவல் காரில் களவாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போகவர இரண்டு இரவு காட்டுக்குள் படுத்தார். காலையில் ஒரு கிளையை ஒடித்து ரயர் அடையாளத்தைக் கூட்டி அழித்தாராம். பிறகு கடவுச்சீட்டே கிடைத்த பின்னும் கூட்டினார். கிளைக்குப் பதிலாக வானில் ஒரு தும்புத்தடி வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தும்புத்தடிதான் அவருக்கு அந்த முற்றத்தைப் பெற்றுக் கொடுத்தது. பாதி வழியில், ஆட்கள் குறைந்துபோன ஒரு சிற்றூரின் ஓரத்தில், பழைய பண்ணை வீடு ஒன்று இருந்தது. செங்கல் கொட்டகை, கல் பதித்த முற்றம், தீயணைப்புக்காக வெட்டிவைத்த சிறு குளம். கேற் திறந்தே கிடந்தது. ஆளில்லாத இடம் என்று நினைத்து ஓர் இரவு படுத்துவிட்டு, விடிய எழும்பிக் கூட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் ஒரு குரல் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டது. எழுபது வயதிருக்கும் ஒரு ஜேர்மன் அம்மா. கணவர் இல்லை, பிள்ளைகள் மேற்கே. இவருக்குப் பயத்தில் ஜேர்மன் வரவில்லை. "கூட்டுறன், கூட்டுறன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் முற்றத்தை வேறொருவர் கூட்டிக் கண்டு எத்தனையோ வருடமாகிறது என்றாராம். அதன்பின் வியாழன்தோறும் அங்கே நிற்கலாம் என்று ஆனது. நிபந்தனை ஒன்றுதான்: நீங்கள் மட்டும். அயலவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஓர் ஆள்தான், தொந்தரவு இல்லாத ஆள் என்று அந்த அம்மா அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை அவரோடு நான் போனேன். ஹம்பர்க்கில் ஒரு நண்பரின் செத்தவீடு. போகும் வழியில் அந்த முற்றத்தில் படுத்தோம். என்னைக் கூட்டிவருவதற்கு அந்த அம்மாவிடம் முன்னமே அனுமதி கேட்டிருந்தார். காலையில் நான் கண் விழித்தபோது அவர் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ரயர் அடையாளத்தோடு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மரத்தின் சருகையும் சேர்த்து. அந்த அம்மா கோப்பிக் குடுவையோடு வந்தார். இவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்து நின்று என்னைக் காட்டி, "மைன் லேரர்" என்றார். என்னுடைய ஆசிரியர்.

நான் அவருக்கு ஓர் எழுத்தும் படிப்பித்ததில்லை. வானில் ஏறியதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் மாஸ்டர். எனக்கு மட்டும் இல்லையோ?" என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "வாத்தியாரோடை திரியிறவன் எண்டா கள்ளனா இருக்கமாட்டான் எண்டு அவ நினைப்பா" என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போனபின், "மாஸ்டர், இந்த இடம் உங்களோடை இருக்கட்டும். அவ சனத்துக்கு வாக்குக் குடுத்திருக்கிறா" என்றார்.

நான் ஆருக்குச் சொல்லப்போறன் என்றேன்.

ஹாலேயில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை மேற்கிலிருந்து தமிழ்ச் சாமியார் வந்து தேவாலயத்தில் பூசை வைப்பார். பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பியும் பாணும். அப்படி ஒரு நாள்தான் கடல் பார்க்கப் போகும் யோசனை எழுந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் கடலை ஒழுங்காகக் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து புறப்பட்டு, பாதி வழியில் படுத்து, சனி காலையில் வடகடலில் நின்றால் ஒரு முழுப் பகல் கிடைக்கும். எங்கே படுப்பது என்பதுதான் கேள்வி.

"அண்ணையைக் கேளுங்கோ. ஜேர்மனியிலை அவருக்குத் தெரியாத மரத்தடி இல்லை" என்று பாட்டுக்குழுவை நடத்தும் பெண் சொன்னாள். மூன்று சின்னப் பிள்ளைகளின் தாய்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குடும்பங்களோடு நிற்கத்தக்க இடம் எதுவும் தனக்குத் தெரியாது என்றார். இளைஞர் விடுதி ஏதாவது கேட்டுப் பாருங்கோ என்றார்.

"சொல்லமாட்டாராம். கருவாட்டைச் சுமந்து சுமந்து மனுசனும் காஞ்சு போனார்" என்றாள். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, எல்லோருக்கும் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். பிள்ளைகளை இருத்தி வைத்து ஒரே ஓட்டமாக ஓட ஏலாது மாஸ்டர் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் வந்து பதில் இல்லாமல் திரும்பிப் போன ஆள் அதுவரை இல்லை. பிள்ளைகளுக்காகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு இடம் தெரியும்" என்றேன்.

மூன்று வான் என்றுதான் பேச்சு. எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் இருக்கிறது. ஓரிடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்து இன்னொருவர் கேட்டால், வராதீர்கள் என்று சொல்ல வாய் வராது. மேற்கிலிருந்து விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர் சேர்ந்தார்கள். அவர்களுடைய அயலவர் சேர்ந்தார்கள். யாரென்று தெரியாத ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, நாங்களும் வரலாமோ என்று கேட்டார். வாங்கோ, இடம் இருக்கு என்றேன். என் காணி போல.

அந்த முற்றத்துக்குள் அந்த வெள்ளிக்கிழமை இருட்டியபின் ஏழெட்டு வாகனங்கள் நுழைந்தன. முதலில் கதவைத் தட்டி அந்த அம்மாவிடம் கேட்பதாக எண்ணியிருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் இல்லை. படுத்திருப்பார், காலையில் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு வானிலிருந்து ஒரு கதிரை வெளியே வந்தது. பிறகு எல்லா வானிலிருந்தும் வந்தன. எனக்கும் ஒன்று போட்டார்கள். அவருடைய வாசகம் எனக்கு நினைவுக்கு வந்தது. வந்தும், இருந்தேன்.

பிறகு நடந்ததில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. முற்றத்துக் கல்லின்மேல் கரி போட்டுக் கோழி வாட்டினார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். பாட்டுக்குழு பாடியது. சோற்றுப் பானையைக் குளத்தில் கழுவினார்கள். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் கேற்றடிக்கு வந்து நின்றார். நான் போய் மாலை வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தையே பார்த்துவிட்டுப் போனார்.

காலையில் அந்த அம்மா வந்தார். கோப்பிக் குடுவை இல்லை. குளத்தில் சோறு வெள்ளையாய் மிதந்தது. கரி எரிந்த இடம் கறுத்துக் கிடந்தது. அந்த அம்மா சுற்றிப் பார்த்து, என்னை அடையாளம் கண்டார். நேரே வந்தார். மன்னார்க்காரரின் பெயரைச் சொல்லி, "அவரா உங்களை அனுப்பினார்?" என்று கேட்டார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜேர்மன் நன்றாகப் பேசுகிறவன் நான் ஒருவன்தான்.

"ஆம். அவர்தான் அனுப்பினார். உங்களிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னார்" என்றேன். அவருடைய பெயரையும் சேர்த்தே சொன்னேன்.

அந்த அம்மா என்னை நம்பினார். ஏன் நம்பமாட்டார்? நான் அவருடைய ஆசிரியர் அல்லவா. திரும்பி உள்ளே போனார். நாங்கள் அள்ளக் கூடியதை அள்ளிக்கொண்டு புறப்பட்டோம். கடல் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தண்ணீரை விட்டு வர மறுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் தேநீர் போட்டேன்.

"அந்த அம்மாவின்ர கேற் பூட்டிக் கிடக்குது, மாஸ்டர்" என்றார்.

"ஏன்?" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆரோ கனபேர் வந்து நிண்டவையாம்."

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கடலுக்குப் போன சனம் எண்டு விளங்குது. அது பரவாயில்லை, பிள்ளையளோடை போன சனம். நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ர பேரைச் சொன்னனீங்களோ?"

"இல்லை" என்றேன். "உங்கட பேரை நான் எடுக்கவே இல்லை."

"சரி" என்றார்.

தேநீரை முழுவதும் குடித்தார். கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தார். மேசையைத் துடைத்தார். சோபாவைத் தட்டி நிமிர்த்தினார். "வாறன் மாஸ்டர்" என்று வழக்கம்போலச் சொன்னார். மனைவி வந்ததும் அவர் வந்துபோனதைச் சொன்னேன். சீனிப் போத்தலை எடுத்துப் பார்த்தாள். "பொய். குறையேல்லையே" என்றாள்.

அதன்பின் அவர் என் வீட்டுக்கு வரவில்லை. படியில் கண்டால் சிரிப்பார், ஒதுங்கி வழி விடுவார். கடிதம் வாசிக்க வேறு யாரிடமோ போனார். வியாழக்கிழமைகளில் மறுபடி தரிப்பிடங்களில் படுத்தார் என்று கேள்விப்பட்டேன். குளிர்காலம் தொடங்கும்போது மறுபடி கண்ணாடியை உடைத்தார்கள். இம்முறை கையில் வெட்டு. தேங்காய்க் கதை எதையும் அவர் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. ஹம்பர்க் ஓட்டத்தை விட்டார். அடுத்த வருடம் லண்டனில் இருந்த மகனிடம் போய்விட்டார். போகிற அன்று மேல்மாடியைப் போய்ப் பார்த்தேன். ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட மூடிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்.

எனக்கு இப்போது அந்த அம்மாவின் அன்றைய வயதாகிறது. ஓய்வு பெற்ற முதல் கோடையில் ஒரு முடிவோடு அந்தச் சாலையில் தனியே போனேன். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்வது என்ற முடிவு. கேற்றில் சங்கிலி தொங்கியது. கூப்பிட்டேன். கூன் விழுந்து, தடியூன்றி வந்தார். என்னைக் கண்டதும், "ஆசிரியர்" என்றார். கதவைத் திறந்து கொட்டகை நிழலில் இருத்தினார். நான் தொடங்குமுன் அந்த அம்மாவே மன்னார்க்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் போனதற்கு அடுத்த வியாழக்கிழமை அவர் ஒன்றும் அறியாமல் வந்திருக்கிறார். உங்கள் ஆசிரியர் வந்தார், நீங்கள் அனுப்பியதாகச் சொன்னார் என்று அந்த அம்மா அவரிடம் சொன்னாராம். அவர் குளத்தையும் கறுத்த கல்லையும் பார்த்தாராம். பிறகு, "ஆம், நான்தான் அனுப்பினேன்" என்றாராம்.

அன்று அவர் ஹம்பர்க் போகவில்லை. மறுநாள் முழுவதும் நின்று, வடியால் குளத்திலிருந்து சோற்றை அள்ளினார். கல்லைத் தேய்த்தார். பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் வானிலிருந்து சங்கிலியையும் பூட்டையும் எடுத்துவந்து கேற்றை அவரே பூட்டினார்.

"நான் பூட்டச் சொல்லவில்லை" என்றார் அந்த அம்மா. "அவர்கள் நல்லவர்கள், அதனால் அடுத்த வருடமும் வருவார்கள், வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது என்றார். பூட்டுக்கு இரண்டு திறப்பு இருந்தது. ஒன்றை நீங்கள் வைத்திருங்கள், வழக்கம்போல வாருங்கள் என்றேன். வாங்கவில்லை. ஒருவரிடம் சொன்னது நான்தானே என்றார்."

கொட்டகைக் கதவருகே ஓர் ஆணியில் அந்தத் திறப்பு தொங்கியது. துருப்பிடித்திருந்தது.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்திருக்கிறார். பெயரைச் சொன்னீர்களா என்று கேட்டபோது, சொன்னேன் என்று நான் சொல்வதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறார். வேறெதற்கும் அவர் வரவில்லை.

முற்றத்தைப் பார்த்தேன். எத்தனை வருடம் அவர் படுத்து எழும்பிய இடம். அதற்கு ஓர் அடையாளமும் இல்லை. கல்லில் கரி எரிந்த கறுப்பு மட்டும் மங்கலாக இருந்தது. அதை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று அந்த அம்மா சொன்னார்.

இப்போது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. நீங்கள் அவருக்கு என்ன படிப்பித்தீர்கள்?"

"புவியியல்" என்றேன்.